இரண்டிலும் உள்ளது

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த கொட்டகைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. இடது பக்கம் ஸ்பிரிங் சுற்றும் பட்டறை, வலது பக்கம் சோடா மூடி அடிக்கும் பட்டறை. நடுவில் ஆறு மேசை, ஆறு பெண்கள், மேற்பார்வைக்குக் கலியமூர்த்தி சார். காலையிலிருந்து மாலைவரை இரண்டு பக்கச் சுவரும் அதிரும். அந்த அதிர்வில் கை நடுங்காமல், வானத்திலிருந்து வந்த கோட்டை நாங்கள் படித்துக்கொண்டிருப்போம்.

பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வேறு நாட்டுக்காரர்கள் ஏவியவை. இரண்டுக்கும் நடுவே இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒவ்வொன்றிலும் உப்புக் கட்டி போல ஒரு பளிங்கு வைத்திருக்கிறார்களாம். காமாக் கதிர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது. அது வந்து பட்டால் பளிங்குக்குள் சின்னதாக ஒரு மினுக்கல். விநாடிக்கு எத்தனை மினுக்கல் என்று அங்கே ஒரு பெட்டி எண்ணி அனுப்பும். தரையில் ஒரு பேனா அதைக் காகிதச் சுருளில் கோடாக இழுத்துக்கொண்டே போகும். ஒரு விநாடிக்கு ஒரு சின்னக் கட்டம், அதாவது ஒரு மில்லிமீட்டர். ஒரு நாள் என்பது எண்பத்தாறு மீட்டர் காகிதம்.

வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் அந்தச் சுருள்களின் நகலை வாங்கி எங்களுக்கு அனுப்பியது. சூரியன் பொங்குகிறபோது கோடு மெல்ல எழும்பி மெல்ல இறங்கும். அவர்களுக்கு வேண்டியது அதுதான். நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு இடம் ஸ்கேலை வைத்துக் கோட்டின் உயரத்தை அளந்து தாளில் எழுத வேண்டும். நடுவில் திடீரென்று கோடு விருட்டென மேலே போய்க் கீழே விழுந்திருந்தால் அதற்குப் 'பழுது' என்று பெயர். பெட்டி சூடாகியிருக்கும், கரண்ட் உதறியிருக்கும், ஏதோ ஒன்று. தாளின் கடைசிப் பத்தியில் அதன் நேரத்தை மட்டும் குறித்தால் போதும். நாங்கள் அதைப் பல் என்று சொல்வோம்.

முதல் செயற்கைக்கோளின் சுருளை நஜ்மா படித்தாள். இரண்டாவதை நான். மற்ற நாட்களின் சுருள்களை மற்ற நால்வரும் இரண்டிரண்டு பேராகப் படித்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். டீச்சர் கேட்டால் விடை தெரியும், வாயில் வராது. நின்றுகொண்டே இருப்பேன். ஒரு நாள் போகாமல் விட்டேன், வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துச் சூளையில் அம்மாவோடு செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவளைக் கலியமூர்த்தி சார் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் கண். ஒரு தாளில் நெருக்கமாகக் கோடு போட்டு எத்தனை என்றார். விரலால் காட்டினேன். சரியாக இருந்தது.

நஜ்மா பூந்தமல்லி. பத்தாவதுவரை படித்தவள், பரீட்சை எழுதுவதற்குள் நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அத்தா பஷீருதீன் பஜாரில் தகரப் பெட்டி செய்கிறவர். ராணிப்பேட்டையில் தோல் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், மனைவி இறந்தவர், பெண் கேட்டுக்கொண்டிருந்தார். நஜ்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். மார்ச் மாதம் தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம், அதுவரை இந்த எழுத்து வேலைக்குப் போகலாம். வேலை செய்யும் இடத்திலிருந்து அவளைப் பற்றி ஒரே ஒரு பேச்சு வந்தாலும் அன்றோடு எல்லாம் முடிந்தது.

"ஒரு பேச்சுடி," என்பாள் என்னிடம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே. "பாதிப் பேச்சு வந்தாக்கூட போதுமாம். எங்க அத்தாவுக்குப் பயந்து நான் தும்மக்கூட மாட்டேன் இங்க."

ஆனால் எங்கள் ஆறு பேரில் சத்தமாகச் சிரிப்பவள் அவள்தான்.

எழுபத்திரண்டு ஜூன் மாதம் பக்கத்து மேசை அங்கம்மா ஒரு காரியம் செய்தாள். சூரியன் சும்மா இருக்கிற நாட்களில் இரண்டு சுருளின் கோடும் ஏறத்தாழ ஒரே மாதிரி போகும். மதிய வெயிலில் தூக்கம் வந்து, அதே நாளின் இன்னொரு சுருளைப் படித்த லோகநாயகியின் தாளை வாங்கி அப்படியே பார்த்து எழுதிவிட்டாள். லோகநாயகி தப்பாக எழுதி அடித்திருந்த இடத்தில்கூட அடித்து வைத்திருந்தாள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

அதன் பிறகு ஒரு மேசைக்காரி இன்னொரு மேசைக்குப் போகக் கூடாது. தினமும் நான்கு மணிக்குக் கலியமூர்த்தி சார் ஒரே நாளின் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேற்கு ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெயிலுக்குப் பிடிப்பார். எண்ணுக்குமேல் எண் உட்கார்ந்தால் சண்டை.

அந்த ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, என் சுருளில் ஒரு பல்லைப் பார்த்தேன்.

சாதாரணப் பல் ஊசி மாதிரி இருக்கும், ஒரு கட்டம்தான் அகலம். இது எட்டுக் கட்டம் அகலம். முதலில் பெரியதாக ஒரு மேடு, தணிந்து, பிறகு சின்னதாக இன்னொரு மேடு. ஊசி குத்தியது போல இல்லாமல், யாரோ பொறுமையாக வரைந்தது போல இருந்தது. சார் டீ குடிக்க வெளியே போயிருந்தார்.

"அக்கா," என்றேன். "இங்க வாயேன். இந்தப் பல்ல பாரேன்."

"கம்முனு எழுதிட்டுப் போடி. ஆயிரம் பல்லு பாத்தாச்சு."

"இது ரெட்டப் பல்லுக்கா."

நான் யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை. அதனால்தானோ என்னவோ அவள் எழுந்து வந்தாள். குனிந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"இன்னாடி இது, தாயும் புள்ளையுமா நிக்குது," என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "டைம் இன்னா?"

"நாலு மணி முப்பத்தாறு நிமிஷம், முப்பத்தொம்போது விநாடி."

அவள் தன் மேசைக்குப் போய்ச் சுருளைப் பின்னால் உருட்டினாள். காலையில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் சுருளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டாள். என்னுடையதற்கு மேலே அவளுடையதை விரித்தோம். அதே தாயும் பிள்ளையும். எட்டுக் கட்டம். தாய்க்கு முப்பது கட்டம் உயரம், பிள்ளைக்குப் பதினொன்று. அவளுடையதில் நேரம் மட்டும் முப்பத்தெட்டு.

"நான் பழுதுன்னு எழுதிட்டுப் போய்ட்டேன்டி," என்றாள். "பொட்டி கெட்டா ஒரு பொட்டி கெடும். அது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி கெடுமா? இது பழுது இல்ல. எவனோ ரெண்டு ஊட்டுக் கதவையும் தட்டிட்டுப் போயிருக்கான். மொதல்ல என் ஊடு. ஒரு விநாடி கழிச்சு உன் ஊடு."

"யாருக்கா?"

"எனக்கின்னா தெரியும். பூமி இல்ல. சூரியனும் இல்ல, அது இப்டி குதிக்காது. வேற எங்கியோ."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஏன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் வேறு எதற்கும் அப்படிச் சிரித்ததில்லை.

கதவருகே சார் நின்றார். கையில் டீ கிளாஸ். நஜ்மா சுருளைச் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். போய், பழுதுப் பத்தியில் தன் குண்டு எழுத்தில் எழுதினாள்: 'இரண்டிலும் உள்ளது. முதலாவதில் ஒரு விநாடி முந்தி.' நான் என் தாளில் நேரத்தை மட்டும் எழுதினேன். எழுதச் சொல்லியிருந்தது அதைத்தான்.

மதியத்துக்குமேல் அந்த வாரத்துச் சுருள்களை மரப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்தார்கள். மறுநாள் ரயில் பார்சலில் போக வேண்டும்.

நான்கு மணிக்கு சார் ஜன்னலுக்குப் போனார். தாள்களைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார். அப்படியே நின்றார். திரும்பி வந்து நஜ்மாவின் தாளை அவள் மேசையில் போட்டார்.

"யாரு யாரைப் பார்த்து எழுதினது?"

"யாரும் பாத்து எழுதல சார். ரெண்டு சுருள்லயும் கீது. அதான் எழுதிக் கீறேன்."

"ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு பெட்டிக்கு ஒரே நேரத்துல தும்மல் வருமா?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

அங்கம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து லோகநாயகி. சாருடைய காது மடல் சிவந்தது. அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர் கேட்டிருப்பார்.

"நேரத்துல ஒரு விநாடி மாத்திப் போட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அங்கம்மா பரவாயில்ல. அவ சோம்பேறி. நீ கெட்டிக்காரத்தனம் பண்ற."

"மாத்திப் போட்டேனா? சார், பொட்டிய தெறந்து பாருங்க. தோ கீது. ரெண்டு ஆணி. நானே பிடுங்கறேன்."

பெட்டி சுவரோரம் இருந்தது. என் மேசைக்காலிலிருந்து இரண்டு அடி. அதற்குள் தாயும் பிள்ளையும் இரண்டு சுருளிலும் இருந்தார்கள். சார் அதைப் பார்த்தார். பிறகு அதன்மேல் தன் குடையை வைத்தார்.

"நீ சொல்றதுக்கெல்லாம் பெட்டியப் பிரிக்க முடியாது. நான் டீ குடிச்சிட்டு வரப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரு மேசையில நின்னு சிரிச்சிட்டிருந்தீங்க. கன்னியம்மா, எழுந்திரு."

எழுந்தேன்.

"யாரு யாரு மேசைக்கு வந்தா?"

எட்டாம் வகுப்பில் நின்றது போலவே நின்றேன். நான் கூப்பிட்டேன் சார். என் சுருளில்தான் முதலில் பார்த்தோம் சார். அவங்க தாள்ல பழுதுன்னு காலையிலேயே எழுதியிருந்தாங்க சார். அவங்க எழுதின நேரமும் நான் எழுதின நேரமும் வேற சார். எல்லாம் வரிசையாக மனதுக்குள் ஓடியது. நஜ்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படாதே, சொல்லு என்கிற மாதிரி தலையை அசைத்தாள்.

"அவங்க வந்தாங்க சார்," என்றேன்.

அதில் பொய் இல்லை. அவள்தான் வந்தாள். அந்த ஒரு வார்த்தைதான் என் வாயிலிருந்து வந்தது, அதுவும் தெளிவாக, திக்காமல்.

வேலை போனால் மறுபடி சூளை, வீட்டில் அப்பா முனியன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறார் என்று எனக்கு நானே பலமுறை காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. எனக்கு உட்கார வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

நஜ்மா தன் ஸ்கேலையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டாள். ஸ்கேல் அவளுடைய சொந்தம்.

"நல்லா சொன்னடி," என்றாள். கோபமாகக்கூட இல்லை. பரீட்சையில் தேறிய பிள்ளையைச் சொல்வது போல.

சார் அவளுடைய குறிப்பின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். வருகைப் பதிவேட்டில் 'பார்த்து எழுதியதற்காக நீக்கப்பட்டார்' என்று எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு மேசையையும் காப்பாற்ற ஒரு மேசையைக் காலி செய்தார். அப்படித்தான் அவர் தன் மனைவியிடம் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் பஷீருதீன் வந்தார். தகரம் அறுத்துத் தழும்பேறிய கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எம் பொண்ணு திருடுச்சா சார்?"

"பணம் காசு இல்லிங்க பாய். பக்கத்துல இருக்கிறவ எழுதினதைப் பார்த்து எழுதினா. இது ஆராய்ச்சி வேலை, அதனாலதான்."

"அது சொல்லுது, வானத்துல இன்னாவோ பாத்தேன்னு."

சார் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். பஷீருதீன் எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். யாராவது ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாளா என்று பார்த்தாரோ என்னவோ. நான் ஸ்கேலை வைத்து ஒரு உயரத்தை அளந்தேன். அதே உயரத்தை மூன்று முறை அளந்தேன். அவர் போய்விட்டார்.

நவம்பரில் கல்யாணம் என்று லோகநாயகி யாரிடமோ கேட்டுவந்து சொன்னாள். மார்ச் வந்தது, பரீட்சை நடந்தது, முடிந்தது.

எழுபத்து மூன்று செப்டம்பரில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

வெளிநாட்டில் சில விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்களாம். எங்கோ வெகுதூரத்தில், சூரியனுக்கும் பூமிக்கும் சம்பந்தமில்லாமல், காமாக் கதிர் சில விநாடிகள் வெடித்து அடங்குகிறதாம். எதனால் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஒரு பெட்டி மட்டும் சொன்னால் பழுது என்று தள்ளிவிடலாம். தள்ளித் தள்ளி இருக்கிற பெட்டிகள் ஒரே நேரத்தில் ஒரே வடிவத்தைக் காட்டினால் அது நிஜம். அதைப் படித்த பிறகு இவர்கள் எங்கள் பழைய தாள்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது.

"அந்த ஒரு விநாடி வித்தியாசம்தான் முக்கியம்னு எழுதியிருக்கான்," என்றார் சார். "எந்தப் பெட்டிக்கு முதல்ல வந்துதுன்னு தெரிஞ்சா எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துதுன்னு கணக்குப் போட முடியுமாம். பார்த்து எழுதியிருந்தா அந்த ஒரு விநாடி இருந்திருக்காது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைக் கவனிச்ச சுருள் வாசகர் பேரைத் தெரிவிக்கணுமாம். பழைய சுருள் எல்லாத்தையும் அந்த ஆளே மறுபடி படிக்கணுமாம்." கண்ணாடியைக் கழற்றினார். "நீ போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா."

"நீங்க வரலியா சார்?"

"நான் எந்த முகத்தோட வர்றது? நீ அவளோட சிநேகிதிதானே."

வானகரத்தில் பஸ் மாறிப் பூந்தமல்லி போனேன். தகரப் பெட்டி செய்கிற கடை என்று கேட்டதும் காட்டினார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடைக்குள் பஷீருதீன் ஒரு தகரத்தை மடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கவாட்டுச் சந்தில் போய்க் கதவைத் தட்டினேன். நஜ்மாவின் அம்மா நசீம் பானு திறந்தார்.

"எஸ்டேட்டுப் பொண்ணா? உள்ள வாம்மா. நல்ல நேரத்துக்குத்தான் வந்துகீற. புள்ள பெத்து இருவது நாளாவுது."

நஜ்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். இளைத்து, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடி," என்றாள். "எஸ்டேட்டுல யாருனா செத்துட்டாங்களா?"

சார் கொடுத்தனுப்பிய கடித நகலை நீட்டினேன். அவள் ஒரு கையால் வாங்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். தட்டும் சத்தம் முன்பக்கத்திலிருந்து வந்துகொண்டேயிருந்தது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றாள்.

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது," என்றாள். "அப்டியே போட்டுக்கிறான்."

"ஆமாக்கா."

"எங்கிருந்து வந்துச்சாம்?"

"இன்னும் தெரியலியாம். ரொம்பத் தூரமாம்."

"தூரம்தான். நான் அப்பவே சொன்னேன்." அவள் முகத்தில் ஒரு கணம் அந்த வியாழக்கிழமை வந்தது. வந்த வேகத்தில் போனது. "இத எனக்கு எதுக்குடி எடுத்தாந்த?"

"சார் உன்னக் கூப்பிடறாரு. பழைய சுருளெல்லாம் நீயே படிக்கணுமாம்."

"நான் அடுத்த மாசம் ராணிப்பேட்டைக்குப் போவணும். அங்க மூணு பசங்க கீதுங்க, அவரோட மொதல் சம்சாரத்துது. அதுங்களுக்கு யாரு சோறாக்கறது, உங்க சாரா?" கடிதத்தை நான்காக மடித்தாள். "ஒண்ணு பண்ணு. முன்னாடி எங்க அத்தா கீறாரு. அவராண்ட போய்ச் சொல்லு. உன் பொண்ணு பாத்து எழுதலன்னு. எனக்கு அது போதும்."

நான் அசையவில்லை.

"எங்கிட்ட சொன்னா இன்னா, எனக்குத்தான் தெரியுமே. போடி. இன்னிக்காவது வாயத் தெற."

நசீம் பானு எதுவும் புரியாமல் என்னையும் அவளையும் பார்த்தார். நான் எழுந்து உள்வழியாகக் கடைக்குப் போனேன். பஷீருதீன் பெட்டியின் மூலையில் ஆணி இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா?"

"உங்க பொண்ணு பாத்து எழுதலிங்க," என்றேன். "நான்தான் அவங்களக் கூப்பிட்டேன். அவங்க சொன்னது நெசம். இப்ப அங்கேர்ந்து கடுதாசி வந்துக்கீது."

இவ்வளவையும் நான்தான் சொன்னேன். மூச்சு வாங்கியது. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

"நான் அங்க வந்தப்ப, ஓரமா ஒரு பொண்ணு அளந்துகினே இருந்துச்சு. அது நீதான?"

"ஆமாங்க."

"அப்ப இன்னாம்மா இருந்துச்சு உன் வாய்ல?"

அவர் கையில் ஒட்டியிருந்த தகரத் தூளைத் துடைத்துக்கொண்டார்.

"அது அன்னிக்கு அழுதுகினே சொல்லுச்சு," என்றார். "ரெண்டு ஊட்டுக் கதவு, ஒருத்தன் தட்டினான், இன்னா இன்னாவோ. நான் செவுட்டுல ஒண்ணு உட்டேன். பொறந்ததுலேந்து அது மேல கை வெச்சதில்ல. இப்ப வந்து அது நெசம்னு சொல்ற. நெசம்னா நான் இன்னா மனுசன்? சொல்லு. அந்தக் கடுதாசிய வெச்சிகினு நான் அவரு ஊட்டாண்ட போயி, எம் பொண்ண திருப்பிக் குடுங்கன்னு கேக்கவா?"

"இல்லிங்க, நான்..."

"இத யாராண்டயும் சொல்லாத. எங்க ஊட்டுல அது பொய்யாவே இருக்கட்டும்." சுத்தியலை எடுத்தார். அடி ஆணியின்மேல் விழாமல் தகரத்தின்மேல் விழுந்து ஒரு குழி விழுந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

உள்ளே வந்தபோது நஜ்மா குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"சொல்லிட்ட இல்ல. சரி, கெளம்பு."

"பேரு கேக்கறாங்கக்கா. உன் பேர எழுதித் தரேன்னு..."

"எம் பேரு உங்க ரிஜிஸ்டர்ல கீதே, பாத்து எழுதினவன்னு. ஒரே பேரு ரெண்டு எடத்துலயும் இருந்தா உங்க சாருக்கு ஆவாது." சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை. "உன்னுதே போட்டுக்கோ. ரெண்டாவது ஊட்டுக்காரிதான நீ."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நசீம் பானு சந்துவரை வந்து, "சாப்புட்டுப் போயிருக்கலாம்மா," என்றார்.

நடந்ததை எல்லாம் சாரிடம் சொல்லவில்லை. அவள் வர மாட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பார்த்து எழுதியதற்காக நீக்கியவளின் பெயரை, கண்டுபிடித்தவள் என்று எழுதினால், ஏன் நீக்கினாய் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் வேலை போகும். மறுநாள் காலை டைப் அடித்த பதில் கடிதம் என் மேசையில் இருந்தது. வாசகர் பெயர் என்ற இடத்தில் எம். கன்னியம்மா என்று இருந்தது. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்கு நஜ்மா எழுதிய அந்த வாசகம் பிடித்துப்போயிற்று. எல்லாத் தாளிலும் அதே வாசகத்தைப் பயன்படுத்தும்படி எழுதினார்கள். அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் ஒரு கடையில் சார் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிவந்தார். 'இரண்டிலும் உள்ளது.' அடியில் 'முந்தியது' என்று போட்டு, பக்கத்தில் விநாடி எழுதக் கோடு. பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டு சுருளையும் ஒரே மேசையில் விரித்து ஒரே ஆள் படிக்க வேண்டும் என்பது இப்போது விதி. அதற்காகச் சார் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டார். ஒன்று என்னுடையது, மற்றது நஜ்மாவினுடையது.

மழைக்காலம் முடிவதற்குள் மூன்று கிடைத்தன. மூன்றும் வேறு வேறு வடிவம். ஒன்று ஒரே குன்று, ஒன்று மூன்று முடிச்சு, ஒன்று மெல்ல ஆரம்பித்துச் சட்டென்று நின்றது. பார்க்கிறபோது உள்ளே எதுவும் துள்ளவில்லை.

நான்காவதாக எங்களுடையதே வந்தது. அந்த வியாழக்கிழமைச் சுருள்கள். நாலு மணி முப்பத்தாறு நிமிடம். தாயும் பிள்ளையும் அப்படியே நின்றார்கள். நஜ்மாவின் சுருளில், தாயின் உச்சிக்குப் பக்கத்தில், அவள் ஸ்கேல் வைத்து அழுத்திய தடம்கூட இருந்தது.

ஸ்டாம்பை மையில் ஒற்றி எடுத்தேன். சார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார்," என்றேன். "இது நஜ்மாக்கா பாத்தது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "மை காயறதுக்குள்ள அடி."

அடித்தேன்.